எஞ்சின் கொதித்தலும் ஹெட் கஸ்கற் பழுதும்

காலபோக உழவு நடைபெறும் காலத்தில் ஓர் உழவு இயந்திரம் ஒரு கிழமை நின்றுவிடுமாயின், அதனால் வரும் நட்டம் திருத்தக் கூலியோடு முடிவதில்லை. இரணைமடு, கட்டுக்கரை, உன்னிச்சை போன்ற பெருங்குளங்களின் கீழ் நீர் திறக்கும் நாளும் விதைப்பை முடிக்கும் நாளும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகின்றன. அந்நாட்களை ஒருவருடைய இயந்திரத்துக்காகத் தள்ளிவைக்க இயலாது. கிணற்று நீரை இறைத்து மிளகாயும் வெங்காயமும் செய்யும் தோட்டக்காரரின் நிலையும் இதுவே. கடும் வெயிற் காலத்தில் இரண்டு இறைப்புத் தவறினாற் பயிர் வாடிவிடும்.

இயந்திரம் இவ்வாறு இடைநடுவில் நிற்பதற்குரிய பொதுவான காரணங்களுள் எஞ்சின் கொதித்தலும் ஒன்று. றேடியேற்றரிலிருந்து நீராவி எழுந்ததும், அருகில் நிற்போர் "ஹெட் கஸ்கற் போய்விட்டது" என்று தீர்ப்புக் கூறுவது வழக்கம். இத்தீர்ப்பைச் சோதியாமல் ஏற்றுக்கொள்வோர் தேவையின்றி எஞ்சினைத் திறந்து, பணத்தையும் நாட்களையும் இழக்கின்றனர். வேறு சிலரோ, உண்மையாகவே கஸ்கற் பழுதுற்றிருக்கும்போதும், நீரை ஊற்றி ஊற்றி உழவைத் தொடர்ந்து, சிறு திருத்தத்தோடு முடிந்திருக்க வேண்டியதைப் பெருஞ் செலவாக்கிவிடுகின்றனர். கொதித்தல் என்பது நோயன்று. அது நோயின் குறியாகும். காய்ச்சலுக்குப் பல காரணங்கள் இருப்பதுபோல இதற்கும் பல காரணங்கள் உண்டு. அவற்றை எளிதானதிலிருந்து அரிதானது வரை ஒழுங்காக ஆராய்ந்து, கஸ்கற்றைக் கடைசியில் ஐயுறுவதே முறையாகும். அம்முறை இங்கு விளக்கப்படுகின்றது.

எஞ்சினுக்குக் குளிர்ச்சி ஏன் வேண்டும்?

எருமை வெயில் ஏறியதும் சேற்றில் இறங்கிக் கிடந்து தன் உடலைத் தானே குளிர்வித்துக்கொள்ளும். எஞ்சினுக்கு அவ்வாற்றல் இல்லை. டீசல் எஞ்சினில் எரியும் எண்ணெயின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே வேலையாக மாறுகின்றது. ஏறக்குறைய அதே அளவு புகையோடு வெளியேறுகின்றது. எஞ்சியதிற் பெரும்பகுதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் நீரே அகற்றுதல் வேண்டும். எண்ணெய் எரியும் கணத்தில் உருளையினுள்ளே வெப்பநிலை 2,000 பாகை செல்சியசையும் கடக்கும். வார்ப்பிரும்போ ஏறக்குறைய 1,200 பாகையில் உருகிவிடும். இரும்பு உருகாமல் நிற்பது, வெப்பம் இடைவிடாது அகற்றப்படுவதனாலேயாகும்.

நீர்ப்பம்பி நீரை எஞ்சினுட் செலுத்த, சூடான நீர் மேற்குழாய் வழியே றேடியேற்றருக்கு வந்து, விசிறி இழுக்கும் காற்றினாற் குளிர்ந்து, கீழ்க்குழாய் வழியே திரும்பவும் எஞ்சினைச் சேர்கின்றது. வேலை செய்யும் எஞ்சினில் இந்நீர் 80 முதல் 95 பாகை வரை சூடாயிருத்தல் இயல்பே. ஆகவே, சூடு என்பது வேறு, கொதித்தல் என்பது வேறு.

றேடியேற்றர் மூடி வெறும் மூடியன்று. அதிலுள்ள வில் உள்ளிருக்கும் நீரை அமுக்கத்தில் வைத்திருக்கின்றது. சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அமுக்கமுடைய மூடியின் கீழ், கடல்மட்டத்தில் நீர் ஏறக்குறைய 111 பாகையிலேயே கொதிக்கும். அம்மூடியின் வில் தளர்ந்துவிட்டால் 100 பாகையிற் கொதித்து வெளியேறும். மலைநாட்டில் இதன் தேவை இன்னும் பெரிது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் திறந்த பாத்திரத்து நீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். ஆகவே, பழுதான மூடியைக் கொண்டு அங்கே எஞ்சினை ஓட்டுவோர், வேறெந்தக் குறையும் இல்லாமலே நீரை இழப்பர்.

ஹெட் கஸ்கற் என்பது யாது?

எஞ்சினின் உருளைகள் அமைந்த அடிப்பகுதி 'புளொக்' எனவும், அதன்மேல் மூடிபோல் இறுக்கப்படும் பகுதி 'ஹெட்' எனவும் வழங்கப்படும். இவ்விரண்டுக்கும் இடையில் வைக்கப்படும் மெல்லிய தகடே ஹெட் கஸ்கற் ஆகும். பார்வைக்கு அற்பமான இத்தகடு நான்கு பொருள்களை ஒன்றோடொன்று கலவாமற் பிரித்துவைக்கின்றது. அவை உருளையினுள் எரியும் வாயு, குளிர்விக்கும் நீர், மசகெண்ணெய், வெளிக்காற்று என்பனவாம்.

இந்நான்கையும் நினைவில் வைத்துக்கொண்டால் கஸ்கற் பழுதின் அறிகுறிகள் அனைத்தும் எளிதில் விளங்கும். தகட்டின் எந்த இடம் எரிந்து வழிவிட்டதோ, அதற்கேற்ற அறிகுறி தோன்றும். வாயு நீருட் புகுந்தாற் குமிழி எழும்; நீர் உருளையுட் புகுந்தால் வெண்ணிற ஆவி புகையோடு வரும்; நீர் எண்ணெயோடு கலந்தால் எண்ணெய் பால்போலாகும்; வாயு வெளியே வந்தாற் சீறும் ஒலியும் கரிக்கோடும் காணப்படும்; அயலிலுள்ள இரண்டு உருளைகளுக்கிடையே வழி ஏற்பட்டால் அவ்விரண்டும் வலுவிழக்கும். ஐந்தும் ஒருங்கே தோன்ற வேண்டுமென்பதில்லை. ஒன்று மாத்திரமே தோன்றுதலும் உண்டு.

கொதித்தவுடன் செய்ய வேண்டியவை

வெப்பமானியின் முள் சிவப்பு எல்லையை அணுகியதும், அல்லது ஆவி தெரிந்ததும், கலப்பையை உயர்த்தி இயந்திரத்தைச் சுமையிலிருந்து விடுவித்தல் வேண்டும். விசிறிப் பெல்ற் அறுந்திருந்தாலோ நீர் கொட்டிக்கொண்டிருந்தாலோ எஞ்சினை அக்கணமே நிறுத்துக. பெல்ற் நன்றாயிருந்து நீரும் வெளியேறாதிருப்பின், சுமையின்றி மெதுவாகச் சிறிது நேரம் ஓடவிட்டு முள் இறங்குகின்றதா எனப் பார்க்கலாம். இறங்காவிடின் நிறுத்திவிடுக. "இந்த வரம்பு வரையாவது உழுதுவிடுவோம்" என்று எண்ணுதல் தவறு. ஹெட் வளைவதும் வெடிப்பதும் அந்த மிஞ்சிய சில நிமிடங்களிலேயே நிகழ்கின்றன.

சூடான றேடியேற்றரின் மூடியை எக்காரணங்கொண்டும் திறத்தலாகாது. மூடி திறந்த கணத்தில் அமுக்கம் நீங்க, 100 பாகைக்கு மேற்பட்ட நீரில் ஒரு பகுதி திடீரென ஆவியாகிப் பொங்கி முகத்திலும் மார்பிலும் அடிக்கும். ஒரு பங்கு நீர் ஆவியானால் 1,600 பங்குக்கு மேல் விரியும் என்பதை நினைத்தால் அதன் வேகம் விளங்கும். குறைந்தது அரை மணிநேரமாவது ஆறவிட்டு, மேற்குழாயைக் கையாற் பிடிக்கக்கூடிய நிலை வந்தபின், நனைந்த சணற்சாக்கை மடித்து மூடியின்மேல் வைத்து, முகத்தை அப்பாற் திருப்பிக்கொண்டு, முதற்படி வரை மாத்திரம் திருகுதல் வேண்டும். ஆவி முற்றும் அடங்கிய பின்னரே முழுவதும் கழற்றலாம்.

வாய்க்கால் நீரை அள்ளிச் சூடான எஞ்சினின்மேல் வீசுவதும், வற்றிய எஞ்சினுட் குளிர்நீரை ஊற்றுவதும் வார்ப்பிரும்பை வெடிக்கச் செய்யும். எஞ்சின் ஆறிய பின்னரே, சிறிது சிறிதாக நீர் சேர்க்க வேண்டும். வெந்நீர் உடலிற் பட்டுவிட்டால், அவ்விடத்தைச் சுத்தமான குளிர்ந்த ஓடுநீரில் இருபது நிமிடம் பிடித்து வைத்திருந்து, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். பற்பசை, எண்ணெய், மண் என்பவற்றைப் பூசுதல் புண்ணைக் கெடுக்கும்.

முதலில் ஆராய வேண்டியவை

எஞ்சின் ஆறிய பின்னர் பின்வருவனவற்றை இவ்வொழுங்கிலேயே பார்த்தல் நன்று. இவற்றுட் பெரும்பாலானவற்றுக்குச் செலவே இல்லை.

1. நீர்மட்டம். நீர் குறைந்திருந்தால் அது எவ்வழியாகச் சென்றது என்று தேடுக. குழாய் இணைப்புகள், றேடியேற்றரின் அடி, நீர்ப்பம்பியின் கீழுள்ள சிறு துவாரம் ஆகிய இடங்களில் ஈரமோ துரு நிறக் கறையோ இருப்பின் ஒழுக்கு அங்கேயே உள்ளது.

2. றேடியேற்றரின் வெளிப்புறம். சூடடிப்புக் காலத்தில் வைக்கோற் கூளமும் பதரும், சேற்றுழவுக் காலத்தில் சேறும் புல்விதையும் றேடியேற்றரின் இதழ்களை அடைத்துவிடும். முன்னிருந்து பார்க்கையிற் சுத்தமாகத் தோன்றினும், பின்னே ஒளி தெரிகின்றதா என்று பார்த்தல் வேண்டும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி நீரை மெதுவாகச் செலுத்திக் கழுவுக. இதழ்களைக் கம்பியாற் குத்துதலாகாது.

3. விசிறிப் பெல்ற். நடுவிற் பெருவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம், அதாவது 12 மில்லிமீற்றர் அளவு தாழ வேண்டும். அதிகம் தாழ்ந்தாற் பெல்ற் வழுக்கும்; விசிறியும் நீர்ப்பம்பியும் வேண்டிய வேகத்திற் சுழலா. பளபளத்து வெடித்திருக்கும் பெல்ற்றை மாற்றுக.

4. மூடி. அதன் றப்பர் வளையம் கிழிந்தோ, வில் துருப்பிடித்தோ இருந்தால் அதே அமுக்க எண்ணுடைய புதிய மூடியைப் போடுக.

5. றப்பர் குழாய்கள். கீழ்க்குழாய் மெலிந்திருந்தால், எஞ்சின் வேகமெடுக்கும்போது பம்பியின் உறிஞ்சலாற் சப்பி நீரோட்டத்தைத் தடுக்கும். மெதுவாக ஓடும்போது இக்குறை தெரியாது.

6. தேர்மோஸ்ராற். எஞ்சின் நன்றாகச் சூடாகியும் மேற்குழாயும் றேடியேற்றரும் குளிர்ந்தேயிருப்பின், தேர்மோஸ்ராற் திறவாமல் இறுகியிருக்கலாம். அதைக் கழற்றி, நூலிற் கட்டி, பாத்திரத்தின் அடியில் முட்டாதவாறு நீரில் தொங்கவிட்டுச் சூடாக்குக. அதிற் பொறிக்கப்பட்டுள்ள வெப்பநிலையளவில் திறக்கத் தொடங்கி, நீர் கொதிக்கும்போது நன்றாகத் திறந்திருக்க வேண்டும். திறவாததை எறிந்துவிட்டுப் புதியதைப் போடுக. தேர்மோஸ்ராற் இல்லாமலே எஞ்சினை ஓட்டுவது சிலரின் வழக்கம். அதனால் எஞ்சின் உரிய சூட்டை அடையாது எண்ணெயை வீணாக்கி விரைவில் தேயும்.

7. மசகெண்ணெய் மட்டமும் சுமையும். எண்ணெய் குறைந்தால் உராய்வு மிகுந்து சூடேறும். ஆழமான சேற்றில் உயர்ந்த கியரில் எஞ்சினைத் திணறவைத்தலும், டீசல் செலுத்தும் நேரம் பிசகியிருத்தலும் கொதித்தலுக்குக் காரணமாகும்.

8. உட்புறப் படிவு. மேற்கூறிய யாவும் நன்றாயிருந்தும் எஞ்சின் நாளுக்கு நாள் சிறிது சிறிதாக அதிகம் சூடேறி வருமாயின், நீர்வழிகளிற் சுண்ணப்படிவு சேர்ந்திருத்தல் கூடும்.

கஸ்கற் பழுதின் அறிகுறிகள்

மேலே கூறியவற்றில் எதுவும் காரணமன்று எனக் கண்ட பின்னரே கஸ்கற்றை ஐயுறல் வேண்டும். அப்பொழுதும் ஊகத்தை விட்டுச் சான்றையே தேடுதல் முறை.

முதலாவது, வெளியே ஒழுக்கு எதுவும் இல்லாதிருக்க, நாள்தோறும் நீர் குறைதல்.

இரண்டாவது, குளிர்ந்த எஞ்சினை இயக்கியதும், நீர் சூடேறுவதற்கு முன்னரே மேற்குழாய் கல்போல் இறுகுதல். இயல்பான எஞ்சினிலும் நீர் சூடானபின் குழாய் இறுகும், அது குற்றமன்று. குளிரிலேயே இறுகுவதுதான் குறியாகும். உருளையின் வாயு நீர்வழியுட் புகுந்து அமுக்கத்தை ஏற்றுவதே அதன் காரணம். இத்தகைய எஞ்சினில், வெப்பமானியின் முள் எழுமுன்னரே மேலதிக நீர்க்குழாய் வழியாக நீர் தள்ளப்படுதலையும் காணலாம்.

மூன்றாவது, மசகெண்ணெய் பால்தேநீர் நிறமாகித் தடித்தல், அல்லது எண்ணெய் மட்டம் தானாக உயர்தல். ஓரிரவு எஞ்சினை ஓய்வாக விட்டு, காலையில் அடிப்பாத்திரத்தின் திருகை மிக மெதுவாகத் தளர்த்தினால், நீர் எண்ணெயிலும் பாரமானதாதலால் முதலில் நீரே கசியும். எனினும், மலைநாட்டுக் குளிர்க்காலையில் சிறிது நேரம் மாத்திரம் ஓட்டப்படும் எஞ்சினில், எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் சிறிது வெண்ணுரை படிவதுண்டு. அது காற்றின் ஈரம் படிந்ததேயாகும். அளவுகோலில் எண்ணெய் தெளிவாயிருந்தால் அஞ்ச வேண்டுவதில்லை.

நான்காவது, சூடான பின்னரும் ஓயாது வெண்புகை வருதல். காலையில் இயக்கியவுடன் வரும் வெண்புகை பெரும்பாலும் எரியாத டீசலாகும். அது கண்ணைக் கரிக்கும், டீசல் மணக்கும். நீராவியோ விரைவிற் காற்றிற் கரைந்து, புகைக்குழாயின் வாயில் ஈரத்தை விடும். நீலப்புகை மசகெண்ணெய் எரிவதைக் காட்டும். அது வேறு நோய்.

ஐந்தாவது, ஹெட்டும் புளொக்கும் சேரும் இடத்திற் சீறும் ஒலியோ கரிக்கோடோ ஈரமோ காணப்படுதல்.

ஆறாவது, எஞ்சின் நடுங்கி ஓடி வலுவிழத்தல். அமுக்கமானி வைத்துப் பார்க்கும்போது அடுத்தடுத்த இரண்டு உருளைகள் மாத்திரம் குறைந்த அமுக்கம் காட்டுமாயின், அவற்றின் இடையே கஸ்கற் எரிந்திருத்தல் பெரிதும் கூடும். இச்சோதனையைத் திருத்துநரிடமே விடுதல் வேண்டும். டீசல் குழாய்களிலுள்ள பேரமுக்கம் தோலைத் துளைத்து உட்செல்ல வல்லது.

குமிழிச் சோதனை

கமக்காரர் தாமே செய்யக்கூடிய சோதனைகளுட் சிறந்தது இதுவாகும். எஞ்சின் முற்றாகக் குளிர்ந்திருக்கும் அதிகாலையில் இதைச் செய்க. மூடியைக் கழற்றி, றேடியேற்றரை வாய்வரை நிரப்புக. விசிறிப் பெல்ற்றைக் கழற்றிவிடுக. அதனாற் பம்பி நீரைக் கலக்காது, விசிறியும் சுழலாது. பின் எஞ்சினை இயக்கி ஒருவர் சிறிது வேகத்தைக் கூட்ட, மற்றவர் முகத்தை நேரே நீட்டாமற் சற்று விலகி நின்று நீரைப் பார்க்க வேண்டும்.

அண்மையில் நீர் மாற்றிய எஞ்சினாயின், தங்கியிருந்த காற்று முதலிற் சில குமிழிகளாக வந்து நின்றுவிடும். நில்லாமல் தொடர்ந்து குமிழி எழுந்து, வேகம் கூடக் கூட அதுவும் கூடுமாயின், அல்லது நீர் துள்ளி வெளியேறுமாயின், உருளையின் வாயு நீரிற் கலக்கின்றது என்பது தெளிவு. பெல்ற் இன்றி எஞ்சினை இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓட்டலாகாது.

இரண்டு உழவு இயந்திரங்களை ஒப்பிட்டு நோக்குவோம். முதலாவது, சூடடிப்பில் ஒரு மணிநேரம் நன்றாக ஓடியபின் கொதிக்கின்றது, குளிரில் மேற்குழாய் மென்மையாயிருக்கின்றது, எண்ணெய் தெளிவாயுள்ளது, குமிழி இல்லை. இரண்டாவது, காலையில் இயக்கிச் சில நிமிடங்களிலேயே, முள் எழுமுன், நீரைத் தள்ளுகின்றது, குமிழி ஓயவில்லை, ஒழுக்கின்றியே நாளுக்கு ஒரு போத்தல் நீர் குறைகின்றது. இரண்டும் வயலில் ஒரே மாதிரி ஆவி கக்கினவேயாயினும், முதலாவதற்கு வேண்டியது வாளி நீரும் தூரிகையுமே. இரண்டாவதற்கே ஹெட்டைக் கழற்றுதல் வேண்டும்.

இன்னுமோர் எச்சரிக்கை உண்டு. நீர் குறைந்துவரும் எஞ்சின் ஒருநாட் காலையில் சுழல மறுத்தால், அதை மேலும் மேலும் சுழற்றவோ, வேறு இயந்திரத்தாற் கட்டி இழுத்து இயக்கவோ கூடாது. இரவில் உருளையினுள் நீர் இறங்கியிருக்கலாம். நீர் காற்றைப்போல் அமுங்காது. வலிந்து சுழற்றினால் பிஸ்ரனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும்.

இரு சக்கர உழவு இயந்திரமும் நீர் இறைக்கும் இயந்திரமும்

இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன வடிவமைத்த 'லாண்ட்மாஸ்ரர்' 1950களில் வெளிவந்த காலந்தொட்டு, இரு சக்கர உழவு இயந்திரம் இந்நாட்டுச் சிறு கமக்காரருக்குப் பழக்கமானது. பிற்காலத்தில் வந்த ஒற்றை உருளை டீசல் எஞ்சின்களுட் சிலவற்றுக்கு றேடியேற்றர் உண்டு. வேறு சிலவற்றுக்கு எஞ்சின்மேல் வாய் திறந்த நீர்த்தொட்டியே உண்டு. இத்தொட்டி எஞ்சின்களில் வேலையின்போது நீர் கொதித்து ஆவியாதல் இயல்பாகும். கொதித்தே அவை குளிர்கின்றன. அதைக் கண்டு கஸ்கற்றை ஐயுறுதல் வேண்டாம். மிதவையின் சிவப்புத் தலை தாழுமுன் நீர் சேர்த்துக்கொண்டிருத்தலே போதுமானது. ஆனால், குளிர்ந்த எஞ்சினை இயக்கிய உடனேயே தொட்டியில் நீர் குமிழ்த்துத் துள்ளுமாயின் அது கஸ்கற்றின் குறியாகும். அமுக்கம் தளர்த்தும் பிடியை விட்டுக் கைபிடியால் மெதுவாகச் சுழற்றும்போது வழமையான எதிர்ப்பின்றி இலகுவாகச் சுழல்வதும், அமுக்கம் கசிவதைக் காட்டும் குறியாகும்.

தோட்டங்களில் வழங்கும் சிறு மண்ணெண்ணெய், பெற்றோல் இறைப்பு எஞ்சின்கள் பெரும்பாலும் காற்றினாற் குளிர்பவை. பம்பி இறைக்கும் நீர் அவற்றைக் குளிர்விப்பதில்லை. உருளையைச் சுற்றியுள்ள இதழ்களில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிந்தாலோ, விசிறியைச் சூழ்ந்த தகட்டுறை கழற்றப்பட்டிருந்தாலோ அவை அளவுக்கு மேற் சூடாகும். கஸ்கற் பழுதாயின், எஞ்சின் இயங்கக் கடினமாகும். கயிற்றை இழுக்கையில் இலகுவாக வரும். ஹெட் சேருமிடத்திற் கரி படியும். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் அவ்விடத்திற் சவர்க்கார நீரைப் பூசி, கயிற்றை மெதுவாக இழுத்தால் நுரை எழுந்து கசிவைக் காட்டும்.

இத்தகைய எஞ்சினைப் பூட்டிய கொட்டிலில் வைத்து ஓட்டினால் அது தன் சூட்டையே திரும்பத் திரும்ப உறிஞ்சும். கிணற்றினுள் இறக்கி ஓட்டுதலோ உயிராபத்தானது. நிறமும் மணமும் இல்லாத காபன் மொனொக்சைட்டு என்னும் நச்சுவாயு கிணற்றில் தங்கி, இறங்கியவரைக் கொல்லும். காப்பாற்ற இறங்குபவரையும் கொல்லும்.

ஹெட் கழற்றப்படும்போது கவனிக்க வேண்டியவை

கஸ்கற் பழுதென உறுதியான பின்னர் எஞ்சினை ஓட்டாது திருத்துநரிடம் ஒப்படைத்தல் வேண்டும். புதிய தகட்டை வைத்து மூடிவிடுதல் மாத்திரம் திருத்தமாகாது. கஸ்கற் எரிந்ததற்கும் ஒரு காரணம் உண்டு; அதை நீக்காவிடின் புதியதும் எரியும். ஆகவே, உரிமையாளர் அருகிலிருந்து பின்வருவனவற்றைக் கேட்டறிதல் நன்று.

ஹெட்டின் முகமும் புளொக்கின் முகமும் நேர்விளிம்புக் கோலை வைத்துப் பார்க்கப்பட்டனவா? வளைந்திருந்தால் முகத்தைச் சீவித் தட்டையாக்குதல் வேண்டும். ஹெட்டிலும் உருளைச் சுவரிலும் வெடிப்பு உண்டா என்று பார்க்கப்பட்டதா? வெடிப்பும் கஸ்கற் பழுதின் அறிகுறிகளையே காட்டுமாதலால், இதைப் பாராது விட்டால் உழைப்பு வீணாகும். பழைய கஸ்கற்றை மீண்டும் போடுதல் ஒருபோதும் கூடாது. நட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, இயந்திரக் கைந்நூலிற் கூறிய ஒழுங்கிலும் அளவிலும், முறுக்களவு காட்டும் ஸ்பனரைக் கொண்டு, படிப்படியாக இறுக்க வேண்டும். கைந்நூல் கூறின், எஞ்சின் சிறிது நேரம் ஓடியபின் மறுபடியும் இறுக்கி, வால்வு இடைவெளியைச் சரிபார்த்தல் வேண்டும். எண்ணெயில் நீர் கலந்திருந்தால் எண்ணெயையும் வடியையும் மாற்றாமல் எஞ்சினை இயக்குதலாகாது. நீர் கலந்த எண்ணெய் தாங்கிகளைத் தின்றுவிடும்.

எந்த நீரை ஊற்றுவது?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணக்கல்லினூடே ஊறிவருவது. அந்நீரைக் கேத்தலிற் காய்ச்சும்போது அடியில் வெள்ளைப் படை கட்டுவதை வீட்டிலுள்ளோர் அறிவர். அதே படை எஞ்சினின் நீர்வழிகளிலும் கட்டி, இரும்பின் சூடு நீரைச் சேராமற் தடுக்கும். அப்பொழுது வெப்பமானி அதிகம் காட்டாதிருக்கையிலேயே ஹெட் சூடேறி வளையவும், கஸ்கற் எரியவும் இடமுண்டு. கடற்கரையை அடுத்த உவர்க் கிணற்று நீரோ உலோகத்தை அரிக்கும்.

ஆகவே, மாரிகாலத்திற் கூரையின் முதல் மழைநீரைப் போகவிட்டு, பின்வரும் மழைநீரைத் துணியால் வடித்து மூடிய கலன்களிற் சேர்த்துவைத்து, ஆண்டு முழுவதும் எஞ்சினுக்குப் பயன்படுத்துதல் சிறந்தது. அத்துடன் துருவைத் தடுக்கும் குளிராக்கித் திரவத்தை அதன் கலனிற் குறித்த அளவிற் கலக்கலாம். இத்திரவங்கள் பல இனிப்புச் சுவையுடையனவாயினும் நஞ்சாகும். வடித்த நீரைப் பிள்ளைகளும் ஆடுமாடுகளும் அணுகும் இடத்தில் ஊற்றலாகாது.

சுருக்கம்

நாள்தோறும் காலையில், இயக்குமுன், நீர்மட்டம், எண்ணெய் மட்டம், பெல்ற், றேடியேற்றர் இதழ் ஆகிய நான்கையும் பார்த்தல் ஐந்து நிமிட வேலை. எண்ணெய் அளவுகோலை இழுக்கும்போது நிறத்தையும் நோக்குக. நீர் எவ்வளவு சேர்க்கப்பட்டது என்பதைக் குறித்து வருக. நாளுக்கு நாள் கூடிவரும் அந்த அளவே முதலெச்சரிக்கை. எஞ்சின் கொதித்தால் நிறுத்துக, ஆறவிடுக, வெளிக்காரணங்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்குக. அதன்பின் குளிர்ந்த எஞ்சினிற் குமிழிச் சோதனை செய்க. குமிழி இல்லையேல் ஹெட்டைக் கழற்ற அவசரப்பட வேண்டாம். நீர் குறைவதோ எண்ணெய் வெளுப்பதோ தொடருமாயின் திருத்துநரைக் கொண்டு அமுக்கச் சோதனை செய்விக்குக. குமிழி ஓயாதெனின் அந்த எஞ்சினை இன்னும் ஒரு சாலேனும் ஓட்டாதிருக்குக. உழவு முடியும் நாள் நெருங்கியிருந்தால், வாடகைக்கு வேறோர் இயந்திரத்தை அமர்த்தி வயலை முடித்துக்கொள்ளுதல், வெடித்த ஹெட்டுக்குப் பணம் கட்டுவதிலும் இலாபமானதாகும்.